யாருடைய கிழிசல்?

ஸர்ரியலிஸத்தைக் கெடுத்தது துணிக்கடை என்பது, அந்த இயக்கத்தின் சரித்திரத்தில் ஏறக்குறைய ஒரு மூடநம்பிக்கையின் அளவுக்கு நிலைபெற்றுவிட்ட அபிப்பிராயம். இதற்கு வித்திட்டவர் ஆந்த்ரே பிரெதோன்தான். ஸால்வடார் டாலியின் பெயரிலுள்ள எழுத்துகளைக் கலைத்து அடுக்கி, டாலருக்கு அலைகிறவன் என்று பொருள் தொனிக்கும்படி 'அவிடா டாலர்ஸ்' என்று அவர் ஒரு பட்டம் சூட்டினார். டாலியும் இந்தப் பட்டத்திற்கு உழைக்காமல் இல்லை. 1939-ல் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையின் கண்ணாடி ஜன்னலை அலங்கரிக்க ஒப்புக்கொண்டார். தாம் வைத்ததைக் கடைக்காரர்கள் மாற்றிவிட்டார்கள் என்று ஆத்திரப்பட்டு, அங்கே வைத்திருந்த குளியல் தொட்டியைத் தள்ளப்போக, தொட்டியும் அவருமாகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள், போலீஸும் வந்தது. கலகம் விளம்பரமாகவும் விளம்பரம் கலகமாகவும் இடம் மாற்றிக்கொள்ளும் இந்தக் காட்சியை வைத்தே பலரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: கனவு விலைக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பு சுலபமானது. என் அதிருப்தி அதனால்தான். விற்பனைதான் குற்றம் என்றால் ஓவியமும் விற்கப்பட்டதுதான். பிரெதோன் 1920களின் தொடக்கத்தில் சம்பளம் வாங்கியது ழாக் தூஸே என்கிற தையல் மாளிகை அதிபரிடம். பிக்காஸோவின் 'அவிஞோன் பெண்க'ளை வாங்கும்படி தூஸேயைத் தூண்டியதே பிரெதோன். பிரபுக் குடும்பத்துப் பெண்களின் பாவாடைகளில் சேர்ந்த பணம்தான் இருபதாம் நூற்றாண்டுக் கலையின் மூலஸ்தானத்தைக் கட்டிக்கொடுத்தது. மான் ரேயின் தகப்பனார் தையல்காரர். மான் ரே பாரிஸுக்கு வந்ததும் பிழைப்புக்குப் பிடித்துக்கொண்டது உடைப் புகைப்படம். த்ரிஸ்தான் ஸாரா 1933-ல் 'மினோதோர்' பத்திரிகையில் பெண்களின் தொப்பிகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு மான் ரேயின் படங்கள். ஆக, துணி வெளியிலிருந்து வந்து இந்த இயக்கத்தைத் தீண்டிவிடவில்லை. ஆரம்பத்திலிருந்தே அது உள்ளே இருந்தது.

எனவே கேள்வியை வேறு இடத்தில் வைக்க விரும்புகிறேன். ஓவியத்தின் முன் இரண்டு பேர்தான் உண்டு: தீட்டியவன், பார்ப்பவன். உடை என்று வரும்போது மூன்றாவதாக ஒருவர் வந்துவிடுகிறார். அணிபவர். இவருடைய நிலை விசித்திரமானது. அந்தப் படிமத்தை இவர் ஆக்கவில்லை; அணிந்திருக்கும்போது அதைச் சரியாகப் பார்க்கவும் இவரால் முடியாது. ஆனால் அதன் விளைவு முழுவதும் இவர்மேல்தான் விழுகிறது. சுவரில் மாட்டிய படத்தைக் கண்டு ஒருவன் முகம் சுளித்தால் சுவருக்கு ஒன்றும் ஆவதில்லை. கனவு என்பது பிறர் பார்வை எட்டாத இடத்தில் நிகழ்வது. உடையோ பிறர் பார்வைக்கென்றே இருப்பது. ஒருவர் கண்ட கனவை இன்னொருவர் உடம்பில் ஏற்றும்போது, அந்த உடம்புக்குரியவர் அக்கனவில் யார்? கனவு காண்பவரா, கனவின் கச்சாப் பொருளா? ஸர்ரியலிஸத்தின் அறம் பற்றிய கேள்வி என்று ஒன்று உண்டென்றால், என் வரையில் அது இங்கேதான் எழுகிறது. துணிதான் அதை எழுப்புகிறது. ஓவியச் சட்டத்துக்குள் இருந்தவரை அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ள முடிந்தது.

எப்படித் தப்பித்துக்கொண்டார்கள் என்பதற்கு 1938 ஜனவரியில் பாரிஸில் நடந்த சர்வதேச ஸர்ரியலிஸக் கண்காட்சியைப் பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒரு செயற்கைத் தெரு. உண்மையும் கற்பனையுமான தெருப்பெயர்கள். வரிசையாக 16 துணிக்கடைப் பொம்மைகள், ஒவ்வொன்றையும் ஒரு கலைஞர் அலங்கரித்திருந்தார். ஆந்த்ரே மாஸோனின் பொம்மைக்குத் தலையைச் சுற்றிப் பறவைக் கூண்டு. வாயில் வெல்வெட் பட்டி, பட்டியின்மேல் உதடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூ. மார்ஸெல் துஷாம் தம்முடைய கோட்டையும் தொப்பியையும் ஒரு பொம்மைக்கு மாட்டி, இடுப்புக்குக் கீழே ஒன்றும் உடுத்தாமல் நிறுத்தினார். பொம்மை இவர்களுக்குப் புதிதல்ல. பிரெதோன் 1924 அறிக்கையிலேயே, வியப்பூட்டுவதற்கு உதாரணமாகப் பழைய இடிபாடுகளுக்குப் பக்கத்தில் நவீனத் துணிக்கடைப் பொம்மையை வைத்தவர். உயிருள்ளதா இல்லையா என்று ஒரு கணம் தடுமாற வைக்கும் அந்தச் சுண்ணாம்பு முகம் அவர்களை வசீகரித்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த வசீகரத்தில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. பொம்மை அணிகிறது, ஆனால் அணிபவர் இல்லை. மூன்றாம் நபரின் இடத்தில் ஒரு வடிவம் மட்டும் நிற்கிறது. சம்மதம் கேட்க வேண்டியதில்லை. கூண்டு கனக்கிறது என்று அது சொல்லாது. வாயைக் கட்டினால் மூச்சுத் திணறாது. ஆசையை விடுதலை செய்ய வந்தவர்கள் தங்கள் ஆசைக்கு ஏற்ற பெண்ணாகத் தேர்ந்தெடுத்தது, எந்த ஆசையும் இல்லாத ஒன்றை. பொம்மைகளை அலங்கரித்தவர்களிடையே ஸோனியா மோஸே என்ற ஒரு பெண்ணும் இருந்தார். ஐந்து வருஷம் கழித்து, 1943-ல், நாஜிகள் அவரைப் பிடித்து நாடுகடத்திக் கொன்றார்கள். இதைச் சொல்வதால் மாஸோனின் கூண்டு நாஜிகளின் கூண்டாகிவிடாது. அப்படி வாதிடுவது அற்பத்தனம். ஆனால் உடம்பின்மேல் பலாத்காரம் என்பதைப் படிமமாக மட்டுமே கையாண்ட ஓர் அறையில், அதை உடம்பாகவே அனுபவிக்கப் போகிற ஒருவரும் நின்றுகொண்டிருந்தார் என்பதை அந்தத் தெருவை நினைக்கும்போதெல்லாம் என்னால் ஒதுக்க முடிவதில்லை.

இந்தக் கண்காட்சி திறந்த மறுமாதம் அதே பாரிஸில், எல்ஸா ஸ்கியாபரெல்லி தம் 'சர்க்கஸ்' உடைத் தொகுதியை வெளியிட்டார். ரோமில் 1890-ல் பிறந்தவர். 1927-ல், கழுத்தில் முடிச்சு இட்டதுபோல் கண்ணை ஏய்க்கும் ஒரு பின்னலாடையின் மூலம் பெயர் பெற்றவர். சட்டைப் பைகளை மேஜை இழுப்பறைகளாக்கிய உடையும், தலைகீழான செருப்பே தொப்பியாக அமர்ந்ததும் டாலியோடு சேர்ந்து அவர் செய்தவை. சர்க்கஸ் தொகுதியில் இரண்டு உடைகள் நம் விஷயத்துக்கு முக்கியமானவை.

ஒன்று எலும்புக்கூட்டு உடை. கறுப்புப் பட்டு, உடம்போடு ஒட்டிய வெட்டு. விலாவும் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் இருக்குமிடத்தில், இரண்டு அடுக்குத் துணியைக் கோடு கோடாகத் தைத்து, பின்பக்கமிருந்து பஞ்சைத் திணித்து எலும்புகளைப் புடைக்க வைத்திருக்கிறார்கள். கறுப்பின்மேல் கறுப்பு. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் எலும்பு தெரியும். மற்றது கிழிசல் உடை. இதன் துணி அன்று வெளிர் நீலம். இன்று அது வெளுத்துப்போய் ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. அதன்மேல் முழுவதும் தோல் உரிந்து தொங்குவதுபோல் கிழிசல்கள், டாலி வரைந்து துணியில் அச்சிட்டவை. அதாவது கிழிசல் ஒன்றுகூட இல்லை, கண்தான் கிழிகிறது. ஆனால் கூடவே ஒரு முக்காடு இருக்கிறது. அந்த முக்காட்டில் மட்டும் நிஜமாகவே துணியை நறுக்கி மடித்து, உள்பக்கம் ரோஜா நிறமும் அடர்சிவப்பும் தெரியும்படி தொங்கவிட்டிருக்கிறார்கள். உடம்பில் பொய்க் கிழிசல், தலையில் மெய்க் கிழிசல். இரண்டு உடைகளும் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியத்தில் இருக்கின்றன.

இந்தக் கிழிசல் உடையின்மேல் வைக்கக்கூடிய குற்றச்சாட்டு வெளிப்படையானது. கந்தலை உடுக்க நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள் இருக்கும் உலகத்தில், கிழியாத துணியில் கிழிசலை வரைந்து விலை கொடுத்து வாங்குவது ஆபாசம். ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. டாலியின் சிநேகிதர் லோர்க்கா 1936-ல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். டாலியோ பின்னாளில் ஃபிராங்கோவைப் புகழ்ந்து பேசினார். பிறர் காயத்தை விருந்துக்கு உடுத்திக்கொண்டு போகலாமா? இதற்கு 'கலைக்கு அறம் கிடையாது' என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குற்றச்சாட்டைக் காதில் வாங்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

காதில் வாங்கிக்கொண்டு திரும்பவும் அந்த உடையைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அந்தக் கிழிசல் வறுமையின் கிழிசல் இல்லை. கந்தல் கிழிந்தால் உள்ளே தோல் தெரியும். இங்கே துணிக்குள்ளே தெரிவது சதையின் நிறம். உரிந்து தொங்குவது துணியா தோலா என்று நிச்சயமில்லை. வேட்டையாடிய மிருகத்தின் தோலை உள்வெளியாகத் திருப்பிப் போர்த்தியதுபோல் இருக்கிறது. அப்படியானால் இதை அணிந்த பெண் ஏழையாக வேஷம் போடவில்லை, உரிக்கப்பட்டவளாக வந்து நிற்கிறாள். மாலை விருந்துக்கு வருகிற சீமாட்டியைப் பார்க்கிறவர்களின் கண் அவள் உடையை என்ன செய்ய விரும்புகிறதோ, அதை உடையே முன்கூட்டிச் செய்து காட்டிவிடுகிறது. பார்வை குற்றவாளியாகிறது. மாஸோனின் பொம்மை முன் பார்வைக்கு இந்த உறுத்தல் கிடையாது. பொம்மை திருப்பிப் பார்ப்பதில்லை. ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நடுவே நிகழ்ந்த மாற்றம் இதுதான். அதே படிமக் கிடங்கிலிருந்து எடுத்ததுதான், ஆனால் உள்ளே ஒருவர் மூச்சு விடுகிறார்.

இதனால் குற்றச்சாட்டு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். உரிக்கப்பட்ட தோலை இரவு வீட்டுக்குப் போய்க் கழற்றி மாட்டிவிடலாம். கழற்ற முடிவது என்கிற வசதிதான் உடையின் அறத்துக்கு எல்லை. கழற்ற முடியாத உடம்பில் வாழ்கிறவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் இது விளையாட்டுதான். ஆனால் பணயம் வைக்கிற விளையாட்டு உண்டு, வைக்காத விளையாட்டும் உண்டு. எலும்புக்கூட்டு உடையை அணிந்து ஓர் அறைக்குள் நுழைந்தவள் சிறிதளவேனும் எதையோ இழக்க ஒப்புக்கொண்டுதான் நுழைந்தாள். அழகி என்ற பட்டத்தை, சபையின் அனுதாபத்தை, தன்னைப் பார்த்தால் சாவு ஞாபகம் வரக்கூடாது என்கிற பெண்ணின் பழைய கடமையை. அந்த இழப்பை அறிந்து ஏற்கிற அளவுக்கு அவள் கனவில் பங்காளி.

பங்காளி ஆகாத உதாரணமும் உண்டு. 1937-ல் ஸ்கியாபரெல்லி தைத்த வெள்ளை உடையில், டாலி வரைந்த பெரிய சிங்கி இறால் ஒன்று பாவாடையின்மேல் சிவப்பாகப் படுத்திருக்கிறது. டாலியின் அகராதியில் சிங்கி இறால் காமத்தின் குறி. அதை அவர் டெலிபோனின் மேலும் வைத்திருக்கிறார். இந்த உடையை அணிந்து ஸெஸில் பீட்டனின் காமிரா முன் நின்றவர் வாலிஸ் சிம்ப்ஸன். அவருக்காகத்தான் 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் முடியைத் துறந்தார். கல்யாணத்துக்குச் சற்று முன் எடுத்து 'வோக்' வெளியிட்ட படங்கள் அவை. ஒரு தேசமே அவருடைய படுக்கையறையைப் பற்றி வம்பு பேசிக்கொண்டிருந்த சமயம், அந்த வம்பின் சின்னத்தை அவர் தொடைமேலேயே வரைந்து அனுப்பியாகிவிட்டது. தெரிந்துதான் உடுத்தினாரா? தெரிந்து உடுத்தியிருந்தால் அது அபாரமான துணிச்சல். நீங்கள் முணுமுணுப்பதை நானே உடுத்தி வந்திருக்கிறேன் என்கிற சவால். தெரியாமல் என்றால் அவரை வைத்துக் கலைஞர்கள் சிரித்திருக்கிறார்கள். புகைப்படத்தைப் பார்த்து எதையும் நிச்சயிக்க முடியாது. ஒரே துணி, ஒரே படிமம். அணிந்தவருக்குத் தெரிந்திருந்ததா என்ற ஒன்றைப் பொறுத்து அது விடுதலையாகவோ அவமானமாகவோ ஆகிறது. ஓவியத்துக்கு இப்படி ஒரு நிபந்தனை கிடையாது.

மூன்று பேர் என்று சொன்னேன். உண்மையில் நான்காவது ஒருவரும் உண்டு, தைப்பவர். மான் ரே 1920-ல் ஒரு பொருளைக் கம்பளியில் சுற்றிக் கயிற்றால் கட்டிப் படமெடுத்தார். லோத்ரேயமோனின் புகழ்பெற்ற உவமையில் வரும் தையல் எந்திரம் அதற்குள்ளே இருக்கிறது என்பது ஐதீகம். தையல்காரரின் மகன் தையல் எந்திரத்தை மூட்டை கட்டி மறைக்கிறான் என்பதில் அவனே உத்தேசிக்காத ஒரு வாக்குமூலம் இருக்கிறது. எலும்புக்கூட்டு உடையின் ஒவ்வொரு விலாவுக்கும் பின்னால் பஞ்சைத் திணித்த விரல்கள் யாருடையவை என்று எந்த மியூஸியச் சீட்டிலும் இல்லை. ஸ்கியாபரெல்லியின் முதல் பின்னலாடைகளைப் பின்னியவர்கள் பாரிஸில் குடியேறியிருந்த ஆர்மீனியப் பெண்கள். 1936-ல் பிரான்ஸ் முழுவதும் வேலைநிறுத்தம் பரவியபோது கோகோ ஷனேலின் தையல் பெண்கள் முதலாளியம்மாளையே உள்ளே விட மறுத்தார்கள். கனவின் தர்க்கம் பற்றி ஆயிரம் பக்கம் எழுதிய இயக்கத்துக்கு, அந்தக் கனவைக் கைத்தையலாக்கியவர்களின் இரவு எப்படி இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் பாட்டாளிப் புரட்சியில் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டவர்கள் அவர்கள்.

இவையெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட முடியாதபடி, கதை மறுபடியும் ஆரம்பித்திருக்கிறது. 1954-ல் மூடப்பட்ட ஸ்கியாபரெல்லியின் மாளிகை பல பத்தாண்டுகள் கழித்து வேறு கைக்கு மாறித் திறக்கப்பட்டது. 2019-ல் டேனியல் ரோஸ்பெரி என்ற அமெரிக்கர் அதன் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றார். கண், காது, மூக்கு, விரல் எல்லாம் பொன்னில் வார்க்கப்பட்டு உடைகளில் ஏறின. 2021 ஜூலையில், கான் திரைப்பட விழாவில் பெல்லா ஹடீட் என்ற மாடல் பெண் அணிந்து வந்ததை உலகம் முழுவதும் பார்த்தது: மார்பு திறந்த கறுப்பு உடை, அந்தத் திறப்பை மூடுவதற்கு, கிளை விட்ட மரம்போல் பித்தளையில் செய்து பொன்பூச்சுப் பூசிய ஒரு ஜோடி நுரையீரல்.

தேதியைக் கவனிக்க வேண்டும். 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இந்தியாவில் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்காக ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள், கிடைக்காமல் செத்தார்கள். உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருந்தது நுரையீரலால். இரண்டு மாதம் கழித்து அதே உறுப்பு பொன்னாக ஒரு கழுத்தில் தொங்குகிறது. 1938-ல் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டியிருக்கிறது: பிறர் காயத்தை உடுத்தலாமா?

நேர்மையாகச் சொன்னால், படிமம் என்ற அளவில் அது நல்ல படிமம். மூச்சு இத்தனை விலையுயர்ந்தது என்று சொல்ல அதைவிட நேரான வழி இல்லை. யாரோ ஒருவர், தன் வீட்டில் ஒரு மூச்சு நின்றுபோனவர், அதைப் பார்த்து அழுதிருக்கவும் கூடும். படிமம் அதைச் செய்தவரையும் அணிந்தவரையும் மீறிப் பேசக்கூடியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எலும்புக்கூட்டு உடைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புலப்படுகிறது. அங்கே எலும்பு துணியால் ஆனது, அணிந்தவளின் எலும்போடு சேர்ந்து வளைந்தது, கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது. இங்கே நுரையீரல் உலோகம், தொலைவிலிருந்து காமிரா பிடிப்பதற்காக ஜொலிப்பது. அணிந்த பெண்ணின் நிஜ மூச்சு அந்தப் பித்தளைக்குக் கீழே ஏறி இறங்கியிருக்கத்தான் வேண்டும். ஆனால் உலகம் பார்த்தது புகைப்படத்தை. புகைப்படத்தில் மூச்சு இல்லை. இன்றைய நாகரிக உடையின் நிஜமான மேடை அறையோ தெருவோ அல்ல, படம்தான். படத்துக்காகவே அணிகிறபோது அணிபவரிடம் இழக்க ஒன்றுமில்லை. அழகு குறைவதில்லை, கூடுகிறது. பார்வை குற்றவாளியாவதில்லை, சந்தாதாரராகிறது. மூன்றாம் நபர் மறைந்து மறுபடியும் 1938 ஜனவரித் தெருவின் பொம்மை வந்துவிடுகிறது, இந்தத் தடவை உயிரோடு.

2023 ஜனவரியில் இதே மாளிகை சிங்கம், சிறுத்தை, ஓநாய் ஆகியவற்றின் தலைகளை உடைமேல் பொருத்திக் காட்டியது. தாந்தேயின் நரகத்து வாசலில் வழி மறிக்கும் மூன்று மிருகங்கள் என்று விளக்கம். வேட்டையைக் கொண்டாடுகிறார்கள் என்று சண்டை எழுந்தது. தலைகள் ரெஸினும் நுரைப்பொருளும் செயற்கை ரோமமும்தான், ஒரு பிராணிக்கும் தீங்கில்லை என்று சமாதானம் வந்தது. சமாதானம் நியாயமானதே. ஆனால் மெரெ ஓப்பன்ஹைமின் ரோமக் கோப்பையை நினைத்துக்கொண்டால் ஒரு சங்கடம் தட்டுகிறது. 1936-ல் அவர் ஸ்கியாபரெல்லிக்காக ரோமம் போர்த்திய வளையல் ஒன்று செய்தார். ஒரு காப்பிக்கடையில் பிக்காஸோ அதைப் பார்த்து, எதை வேண்டுமானாலும் ரோமத்தால் போர்த்தலாமே என்று வேடிக்கையாகச் சொல்ல, அதிலிருந்து பிறந்தது மான் தோல் போர்த்திய கோப்பையும் தட்டும் கரண்டியும். இன்று அது நியூயார்க் நவீனக் கலை மியூஸியத்தில் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் உதட்டில் மயிர் படுகிற அந்த அருவருப்பு, ரோமம் நிஜமாக இருப்பதால்தான். அங்கே விலை கொடுத்தது ஒரு மான். கலையின் பெயரால் அதை மன்னித்துவிடலாமா என்றால், கூடாது என்றே சொல்வேன். அதே சமயம், யாரும் எந்த விலையும் கொடுக்காத ஒரு பயங்கரம் வெறும் பொம்மலாட்டம் என்பதையும் மறைக்க முடியவில்லை.

அப்படியானால் விலையைப் பிறர்மேல் போடாமல், அணிபவரே அறிந்து ஏற்கிற உடை சாத்தியமா? சாத்தியம் என்பதற்குச் சாட்சி உண்டு, அவற்றில் சில ஸர்ரியலிஸம் என்ற பெயருக்கு வெளியே. ஜப்பானில் குட்டாய் குழுவைச் சேர்ந்த அட்ஸுகோ தனாகா 1956-ல் வர்ணம் பூசிய விளக்குகளையும் குழல்களையும் ஒயர்களையும் கோத்து ஓர் உடை செய்து, தாமே அதற்குள் புகுந்துகொண்டார். அணிந்திருக்கையில் மின்சாரம் தாக்கலாம். ஒளிர்வதும் அபாயத்தில் இருப்பதும் அங்கே ஒரே ஆள். ரெய் கவாகுபோ 1996 அக்டோபரில் பாரிஸில் காட்டிய உடைகளில் முதுகிலும் இடுப்பிலும் தோளிலும் கட்டி கட்டியாகப் பஞ்சு அடைத்திருந்தார். கூன், கர்ப்பம், கழலை எல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வரும். அணிந்தால் அழகு போய்விடும், போவதற்காகவே செய்தது. சில பத்திரிகைகள் பஞ்சை உருவிவிட்டுப் படமெடுத்தன என்பதே அது எங்கே குத்தியது என்பதற்கு அத்தாட்சி. மறுவருஷம் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக்காரர்கள் அந்தப் பஞ்சுப் பொதிகளோடு ஆடினார்கள். தங்கள் உடம்பின் எல்லை எது, எதிராளியின் எல்லை எது என்று ஒவ்வோர் அசைவிலும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புகைப்படத்தில் அகப்படாத ஒன்று அங்கே நிகழ்ந்தது. ஆடியவர்கள் அதை உள்ளிருந்து அறிந்தார்கள்.

கடைசியாக ஓப்பன்ஹைமிடமே திரும்பி வர வேண்டும். கோப்பையைச் செய்தபோது அவருக்கு வயது 22 அல்லது 23. அந்த ஒரு பொருள் அவரை விழுங்கிவிட்டது. மான் ரேயின் காமிராவுக்கு முன் நின்ற அழகி, ரோமக் கோப்பைப் பெண் என்று இரண்டு பிம்பங்களுக்குள் அடைபட்டு, 1937-லிருந்து 1954 வரை ஏறக்குறைய பதினேழு வருஷம் மனத்தளர்ச்சியில் கிடந்தார். செய்தவற்றில் நிறைய அழித்தார். இயக்கம் அவரைத் தன் பொம்மை வரிசையில்தான் நிறுத்தியிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. அதிலிருந்து எழுந்து வந்து, அவர் இறந்த வருஷமான 1985-ல், ஒரு ஜோடிக் கையுறைகளை வெளியிட்டார். ஆட்டுத் தோலில் செய்தவை. அவற்றின்மேல் கையின் இரத்தக் குழாய்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன.

எலும்புக்கூட்டு உடையின் எண்ணம்தான், உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது. ஆனால் இதில் விருந்து மண்டபம் இல்லை, பொன் இல்லை. ஆடு இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். கையை உள்ளே விட்டதும் அச்சான குழாய்கள் நிஜக் குழாய்களின்மேல் வந்து படிகின்றன. தன் உடையைத் தானே பார்க்க முடியாது என்று சொன்னேன். கையுறை அதற்கு விலக்கு. அணிந்தவர் கண்ணுக்கு எதிரிலேயே அது இருக்கிறது. குளிரில் தனியாகப் போகிற ஒருவர், பார்க்க யாருமில்லாத தெருவில், தம் கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அப்போது அந்தப் படிமம் அவருக்கு மட்டுமே உரியது.